அக்காவின் கை அளவு

கைத்துடுப்பு வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீச்சல் தொப்பி நீலமா, அப்படியென்றால் இதுவும் நீலமாக இருக்கட்டும் என்பார்கள். பெரிய தப்பொன்றும் இல்லை, செருப்பைக்கூட அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் செருப்பு கடித்தால் காலில் கொப்புளம் வரும், ஒரு வாரத்தில் ஆறிவிடும். கைத்துடுப்பு கடிக்கிற இடம் தோளுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் யோசித்து வாங்குவது நல்லது.

எங்கள் நீச்சல் குளத்தில் அதைத் தட்டு என்பார்கள். உள்ளங்கையோடு ஒட்டி நிற்கிற பிளாஸ்டிக் தகடு, அவ்வளவுதான். நடுவிரலை நுழைக்க ஒரு ரப்பர் குழாய் இருக்கும். மணிக்கட்டைச் சுற்ற இன்னொன்று இருக்கும். அதை முதல் நாளே கழற்றி எறிந்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கழன்று போகாமல் இருக்கத்தானே கட்டுகிறோம் என்பார்கள். கழன்று போக வேண்டும் என்பதுதான் விஷயமே. ஃப்ரீஸ்டைலில் கை தோளுக்கு நேர் எதிரே, விரல் நுனி முதலில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். தலைக்குக் குறுக்கே கோணலாக இறங்கினால் தண்ணீர் தட்டின் விளிம்பைப் பிடித்துக் கழற்றிவிடும். நீந்துகிறவர் பாதியில் நின்று, முங்கி, தேடி எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். நாலு தடவை அப்படி நின்று எரிச்சலானால் ஐந்தாவது தடவை கை தானாக நேராகிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு தாளில் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ள வேண்டும். தட்டை அதன்மேல் வைத்தால், கோட்டுக்கு வெளியே ஒரு நகத்தின் அகலம் தெரிந்தால் போதும். அதற்கு மேல் பெரிதானால் கை நிறையத் தண்ணீரைப் பிடிக்கும், வேகமும் கூடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீரின் பாரம் முழுக்கத் தோளின் உள்ளே இருக்கிற ஒரு சின்னத் தசைநாரில் போய்த் தொங்கும். பயிற்சியில் கால் பங்கு தூரத்துக்கு மேல் தட்டோடு நீந்தக் கூடாது. வலித்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பாவம், தெரியாத பெண் என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எங்கள் அப்பா அந்தக் குளத்தின் பம்ப் அறையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் இருப்பதால் வீட்டில் நாங்கள் பேசுவது அவருக்குக் காதில் விழுவதில்லை என்று அம்மா சொல்வாள். விழுந்தாலும் விழாத மாதிரி இருக்கிறார் என்பது அக்காவின் கட்சி. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நடக்கத் தொடங்கின வயதிலேயே தண்ணீரில் இறங்கியவள். குளத்தில் அவளுக்கு மோட்டார் என்று பட்டப்பெயர். எனக்கு நத்தை. இரண்டையும் வைத்தது அவள்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். படிப்பு நன்றாகவே வந்தது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால்தான் குரல் வராது. எழுத்து கண்ணுக்குத் தெரியும், அர்த்தம் புரியும், வாய் மட்டும் திறக்காது. நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் முழு வகுப்பு நேரமும் அப்படியே நின்றேன். மறுநாள் போகவில்லை. அப்பா பெல்ட்டைத் தொட்டபோது அக்காதான் நடுவில் வந்து நின்றாள்.

"அவள விடுங்கப்பா. ரெண்டு பேருக்கும் சேத்து நான் படிச்சுக்கறேன்."

அப்புறம் அவளும் படிக்கவில்லை, நீந்தினாள். அது வேறு விஷயம். ஆனால் அன்று அவள் நடுவில் நின்றதை, நான் எழுதிவருகிற நோட்டுகளில் இரண்டாவதில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

குளத்தில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். மிதவைப் பலகை, கால் துடுப்பு, தட்டு எல்லாம் என் பொறுப்பு. அறுந்த ரப்பர் குழாயை வெட்டி மாற்றி முடிச்சுப் போடுவதும் நான்தான். யாரும் என்னோடு பேச வேண்டிய தேவையில்லை. கையைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பேன். மீதி நேரத்தில் எழுதினேன். எழுத என்ன இருந்தது என்று கேட்டால், அக்கா இருந்தாள். ஐம்பது மீட்டருக்கு எத்தனை கை போடுகிறாள், எத்தனையாவது கையில் மூச்சு எடுக்கிறாள், எந்தக் கை குறுக்கே போகிறது என்றெல்லாம் எண்ணி எழுதினேன். அவளுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் நல்ல மனிதர். கத்துவார், விசில் ஊதுவார், எண்ணமாட்டார். அதனால் ஒருநாள் என் சன்னல் பக்கம் வந்து, "கணக்குப்பிள்ள, அக்கா எத்தன கை?" என்று கேட்டார். "நாப்பத்தாறு" என்றேன். அதற்குப் பிறகு தினமும் கேட்டார். என் குரல் வெளியே வந்தது அந்த ஒரு எண்ணுக்காக மட்டும்தான்.

அக்காவின் வலது கை குறுக்கே போகும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அதற்கு நான்தான் தட்டு தேர்ந்தெடுத்தேன். நோட்டில் அவள் கையை வரைந்து, நக அகலம் விட்டு, பச்சை நிறத்தில் சின்னத் தட்டு வாங்கி, மணிக்கட்டு ரப்பரைக் கழற்றிக் கொடுத்தேன். முதல் வாரம் குளத்தின் ஒரு நீளத்தில் ஏழு தடவை கழன்றது. "இது தட்டா, ஓடுகாலியா?" என்று அக்கா கத்தினாள். ஒன்றரை வருஷத்தில் அது ஒரு தடவையாகக் குறைந்தது. நாற்பத்தாறு கை நாற்பத்திரண்டானது. பயிற்சி தொடங்குமுன் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குளத்து விளிம்பில் நின்று, பார்க்காமலே இரண்டு கையையும் என் பக்கம் நீட்டுவாள். வளையல் போட்டுக்கொள்ளக் குழந்தை நீட்டுகிற மாதிரி. நான் மாட்டிவிடுவேன். அப்படி அறுநூறு தடவைக்கு மேல் மாட்டிவிட்டிருக்கிறேன்.

பெரிய ஊரில் இருக்கிற பயிற்சி மையத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், தேர்வுக்கு எங்கள் குளத்துக்கே வருகிறார்கள் என்று செய்தி வந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு. அங்கேயே தங்கி நீந்த வேண்டும். கூட ஒரு ஆள் தங்கலாம். அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நத்தை, கூட்டைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பத் தயாரா இரு. நான் போனா நீயும் வர்ற" என்றாள். அம்மா ஒரு மெரூன் நிறப் பெட்டி வாங்கி வந்து அலமாரிக்கு மேலே வைத்தாள். அக்கா தினமும் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்து இறக்கி, ஒரு துணியை வைத்து, மறுபடி ஏற்றுவாள். ஒருநாள் என் பாவாடை ஒன்றையும் மடித்து வைத்தாள்.

சாமான் அறைக்கும் மாஸ்டர் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். மேலே காற்றுப் போக ஓர் ஓட்டை உண்டு. நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. ஓட்டை இருந்தது, நான் இருந்தேன், அவ்வளவுதான். தேர்வுக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தபோது ஒரு மதியம் இதைக் கேட்டேன்.

"கூட வர்ற ஆளுக்கு உன் தங்கச்சி பேர எழுதிடட்டா?"

"வேண்டாம் மாஸ்டர்."

"ஏன்மா? உனக்கு எல்லாமே அவதானே."

"அதனாலதான் வேண்டாங்கறேன். அவ என்னப் பாத்துக்கிட்டே இருக்கா மாஸ்டர். நான் நீந்தினா எண்ணுறா, சரி. சாப்பிட்டா எண்ணுறா. தூங்கினாலும் எண்ணுறா. எனக்கு மூச்சு முட்டுது. இந்தாங்க, நீங்களே பாருங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் என் மெத்தைக்கு அடியில் இருந்த ஐந்தாம் நோட்டு அது. அக்கா வாசித்தாள். அவளுக்கு நல்ல குரல், தெளிவாக வாசிப்பாள்.

"'மதியம் அக்கா தூங்கினாள். நிமிடத்துக்குப் பதினோரு மூச்சு. எட்டாவது மூச்சில் இடது கண்ணிமை துடித்தது.' கேளுங்க, இன்னும் இருக்கு. 'இன்று சீப்பில் பன்னிரண்டு முடி. எடுத்து வைத்தேன்.'"

"எங்கம்மா எடுத்து வச்சா?"

"யாருக்குத் தெரியும்? தலையாணி தைக்கப் போறாளோ என்னவோ."

முதலில் மாஸ்டர் சிரித்தார். பிறகு அக்கா சிரித்தாள். மாஸ்டர் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

அந்த முடி ஓர் உறையில், அதே நோட்டின் பின்னட்டைக்குள்தான் இருந்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நாற்பது பேர் முன்னால் வாசிக்க முடியாமல் நான் பள்ளிக்கூடத்தையே விட்டவள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், நான் யாருக்கும் வாசித்துக் காட்டாததை அவள் குரல் விட்டு வாசித்தாள்.

நேர்மைக்காக இன்னொன்றையும் எழுதுகிறேன். சிரித்து முடித்த பிறகு அவள் குரல் மாறியது. "நான் இங்க இல்லாட்டி அவளும் வெளிய வருவா மாஸ்டர். நாலு பேர்கிட்டப் பேசுவா. என்னச் சுத்திச் சுத்தியே அவ வாழ்க்க போயிடக் கூடாதில்ல" என்றாள். அப்படிச் சொன்னதை நான் மறைக்கவில்லை. ஒருவரைக் கழற்றிவிடும்போது எல்லோரும் அவருடைய நன்மைக்காக என்றுதான் சொல்வார்கள்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது நோட்டு மெத்தைக்கு அடியில் அதன் இடத்திலேயே இருந்தது. ஒரு வாரம் காத்திருந்தேன். அவளே வந்து சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். "வேண்டாம்னு சொல்லிட்டேன்டி" என்று இரண்டே வார்த்தை. அவள் சொல்லவில்லை. ஏழாம் நாள் என் தோளில் கை போட்டு, "தேர்வுக்கு முன்னால இழுப்பு இன்னும் கொஞ்சம் கூடணுமாம். தட்டு மாத்தச் சொல்றார் மாஸ்டர். நீயே பாத்து வாங்கிட்டு வாடி, உன் கைராசி" என்றாள்.

விளையாட்டுச் சாமான் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் ஒரு காலத்தில் நீந்தினவர், நரைத்த மீசை, எதைக் கேட்டாலும் யாருக்கு என்று முதலில் கேட்பார். அக்காவுக்கு என்றேன். கை வரைந்த தாளைக் கொடுத்தேன். அவர் அதன்மேல் நடுத்தர அளவை வைத்து, இதுவே தாராளம் என்றார். நான் அதையும், அதற்கு அடுத்ததையும், அதற்கும் அடுத்ததையும் பச்சையில் கேட்டேன். மூன்றாவதை எடுத்து அவர் தன் கையில் வைத்துப் பார்த்தார்.

"பாப்பா, இது தோள்பட்ட இரும்பா இருக்கற ஆம்பளைங்க போடறது. எனக்கே பெரிசு. உங்கக்கா நீந்தப் போறாளா, இல்ல இத வச்சு மண்ணு வெட்டப் போறாளா?"

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா சரி. சின்னதுலருந்து மெதுவா ஏத்தணும். தோள் வலிச்சா அன்னிக்கே நிறுத்திடணும். மறக்காம அவகிட்ட சொல்லிடு."

"சொல்றேன்."

இந்த முழு விஷயத்திலும் நான் வாய் திறந்து சொன்ன முதல் பொய் அதுதான். சின்னப் பொய்தான்.

முதல் மூன்று வாரம் நடுத்தர அளவு, பிறகு அதற்கு அடுத்தது. மாட்டிவிடும்போது விரல் ரப்பரை முன்பு விடுகிற அளவு விடாமல் கொஞ்சம் இறுக்கி முடிச்சுப் போட்டேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். மணிக்கட்டில் கட்டினால் யார் கண்ணிலும் பட்டுவிடும். விரல் ரப்பர் எவ்வளவு இறுக்கம் என்பது மாட்டிவிடுகிறவளுக்கு மட்டுமே தெரியும்.

"என்னடி, இறுக்கமா இருக்கே?"

"புதுசுல்ல. அப்படித்தான் இருக்கும்."

"பெரிசாவும் இருக்கற மாதிரி இருக்கு."

"உன் கை சுருங்கிப் போச்சு, கிழவி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தண்ணீரில் விழுந்தாள். நான் நகைச்சுவையாகப் பேசுவது அபூர்வம் என்பதால் அன்று மாலை அம்மாவிடமும் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு தட்டு கழலவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைகூட இல்லை. கழலாததால் வலது கை மெல்ல மெல்லத் தன் பழைய குணத்துக்குத் திரும்பியது. தலைக்குக் குறுக்கே, கட்டை விரல் கீழே, முன்பு போனதைவிட அதிகமாகவே போனது. நான் பார்த்தேன். எழுதியும் வைத்தேன். மாஸ்டர் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தட்டு கழன்றால் கை தப்பு, கழலாவிட்டால் கை சரி என்று அவருக்குப் பழக்கமாகியிருந்தது. அதனால் அவர் தட்டைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு கை முப்பத்தொன்பதாகி, முப்பத்தேழாகியது. நேரம் குறைந்தது.

"குறுக்க போற கைய நேராக்க எனக்கு ஆறு வருஷமா முடியல, கணக்குப்பிள்ள முடிச்சிட்டா. அவளுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா" என்றார் மாஸ்டர். டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

ஐந்தாம் வாரம் துணி மாற்றும் அறையில் அக்கா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். வலது தோளின் முன்பக்கம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். சட்டையைக் கழற்றும்போது உயிர் போகிறது என்றாள்.

"மாஸ்டர்கிட்ட மூச்சு விடாதடி. சொன்னா நிறுத்திடுவார். அப்புறம் தேர்வு, கீர்வு ஒண்ணும் கிடையாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். இரகசியம் காப்பது எப்படி என்று எங்கள் இருவரில் யாருக்குத் தெரியும் என்பதை அவளே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. தினமும் மாலையில் அவள் தோளுக்குத் தைலம் தேய்த்தேன். எந்த இடத்தில் தொட்டால் முகம் சுளிக்கிறாள் என்று பார்த்து, நோட்டில் தோளின் படம் வரைந்து புள்ளி வைத்தேன். புள்ளிகள் முதலில் ஒரு பொட்டு அளவு இடத்தில் இருந்தன, பிறகு பரவின. கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். அக்காவுக்கு வலி இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது.

ஏழாம் வாரம், தைலம் தேய்க்கும்போது, ஒரே ஒரு தடவை கேட்டேன். எனக்குக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"சென்டருக்கு நானும் வரேன்ல?"

அவள் முதுகு எனக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. "பின்ன? நீ இல்லாம எப்படிடி" என்றாள்.

மறுநாள் மூன்றாவது தட்டை எடுத்தேன். அன்று அவள் வேறு வார்த்தை சொல்லியிருந்தால் பழைய சின்னத் தட்டையே மாட்டிவிட்டிருப்பேன். அது என் பையில் இருந்தது. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், நிச்சயமாக மாட்டிவிட்டிருப்பேன்.

ஒன்பதாம் வாரம் அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்க அவளால் முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கினாள், பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிவிட்டாள். "நத்தை, கொஞ்சம் எடுத்துத் தாடி" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். திறந்தபோது என் பாவாடை அதில் இல்லை. அவள் துண்டு அந்த இடத்தில் இருந்தது. இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

தேர்வன்று மூன்று பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இருநூறு மீட்டர், நாலு நீளம். தேர்வில் தட்டு கிடையாது, வெறுங்கை. அக்கா விளிம்பில் நின்று கண்ணாடியை மாட்டினாள். மாட்டிவிட்டுப் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். பிறகு நினைவு வந்து, சிரித்து, கையை இழுத்துக்கொண்டாள்.

முதல் நீளம் நாற்பத்தொன்று. பெரிய தட்டுக்குப் பழகின கைக்கு வெறுங்கையில் தண்ணீர் பிடிபடவில்லை. அதனால் இன்னும் குறுக்கே போய், இன்னும் வலுவாக இழுத்தாள். இரண்டாம் நீளம் நாற்பத்தைந்து. மூன்றாம் நீளத்தில் நான் இருபத்தெட்டு வரை எண்ணினேன். இருபத்தொன்பதாவது கை தண்ணீரிலிருந்து வெளியே வரவில்லை.

கத்தவெல்லாம் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், இடது கையால் மட்டும் தண்ணீரை அடித்தாள், அப்புறம் அதுவும் நின்றது. மாஸ்டர் சட்டையோடும் கைக்கடிகாரத்தோடும் குதித்தார். அவளை வெளியே இழுத்துப் போட்டபோது அவள் கண் மாஸ்டரையோ அந்த மூன்று பேரையோ தேடவில்லை. என்னைத் தேடியது. நான் துண்டோடு தயாராக நின்றேன்.

தசைநார் அறுந்துவிட்டது என்றார் மருத்துவர். ஒரே நாளில் அறுந்தது இல்லை, பல வாரமாக நைந்திருக்கிறது என்றார். "இத்தன நாள் வலி தெரியலையாம்மா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். "இல்ல டாக்டர்" என்றாள். சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

மறுநாள் மாஸ்டர் சாமான் அறைக்கு வந்து அக்காவின் தட்டைக் கேட்டார். பழைய பச்சைச் சின்னத் தட்டைக் கொடுத்தேன். எல்லாமே பச்சை என்பதால், புதிதாக வாங்கியது அதுதான் என்று நினைத்துக்கொண்டார். மற்ற மூன்று ஜோடியும் பம்ப் அறைக்குப் பின்னால் உடைந்த மிதவைப் பலகைக் குவியலின் அடியில் இருந்தன. அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தன் கையில் வைத்துப் பார்த்தார். "அளவு சரியாத்தானே இருக்கு" என்றார். "அளவு சரியாத்தானே இருக்கு கணக்குப்பிள்ள, அப்ப நான்தான் அதிகமா இழுக்க வச்சுட்டேன்." என்னிடம் ஒரு எண்ணைக் கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் தட்டை வாங்கி அலமாரியில் அடுக்கினேன். அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டார். நல்ல மனிதர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஆனால் முதலில் சிரித்தது அவர்தான்.

இரண்டு தடவை அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது அக்காவின் வலது கை தோள் உயரத்துக்குக்கூடச் சரியாக எழுவதில்லை. சோறு சாப்பிடலாம், எழுதலாம், கதவு திறக்கலாம். தலைக்கு மேல் போகாது. நீந்துகிற காலத்தில் அவள் முடியைக் காதளவு வெட்டிக்கொள்வாள், தொப்பிக்கு வசதி. இனி தொப்பி எதற்கு, வளர்க்கலாமே என்று நான்தான் சொன்னேன். நன்றாக வளர்ந்துவிட்டது. காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்ப்பாள். நான் வாரிப் பின்னிவிடுவேன். சீப்பில் வருவதை எண்ணுவதில்லை என்று சொல்ல மாட்டேன்.

"நீ இல்லாட்டி நான் என்னடி பண்ணுவேன்" என்று போன வாரம் சொன்னாள். இந்தத் தடவை அது பொய்யில்லை. குரலிலேயே தெரிந்தது.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. எழுந்து நின்று சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதனால் எழுதினேன். தட்டைத் தேர்ந்தெடுத்தது நான், ரப்பரை இறுக்கியது நான், வலியை மறைத்தது நான். அவள் தோளை நான்தான் அறுத்தேன், பதினொரு வாரத்தில், ஒவ்வொரு நாளும் அவள் கையை நீட்ட நீட்ட. அவள் ஒரு மதியம் என்னைக் கழற்றிவிட்டாள். நான் அவளை ஒருநாளும் கழற்றிவிடவில்லை.

இது எட்டாம் நோட்டு. முன்பெல்லாம் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு நாள் முழுக்கப் பயந்துகொண்டிருப்பேன். இப்போது அந்தப் பயம் இல்லை. எட்டு நோட்டையும் அந்த மெரூன் பெட்டியில் அடுக்கி, பூட்டாமல், அலமாரிக்கு மேலே அதே இடத்தில் வைத்திருக்கிறேன். பெட்டி கனம், இரண்டு கையும் தலைக்கு மேலே போனால்தான் இறங்கும். அக்கா கட்டிலில் படுத்தால் அதுதான் எதிரே தெரியும். சில மதியங்களில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேண்டுமென்றால் என்னைக் கேட்கட்டும், இறக்கித் தருகிறேன். அவள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதே கிடையாது.